கொத்துக் கடைக்கு மேலே என் அறை

வெள்ளவத்தை

அன்புள்ள தவமலருக்கு,

நான் சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெயைச் சூடாக்கிப் பூசும்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தலைசுற்றியதை மகள் பெரிதாக்கிவிட்டாள். ரியூசன் வகுப்பு முடிந்து வந்தேன். என் அறைக்குக் கீழே அஷ்ரப்பின் கடையில் கொத்து ரொட்டி மணந்தது. மேலே ஏறாமலே இரண்டு பிளேட் சாப்பிட்டேன். இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, அவ்வளவுதான்.

"மணம்தான் உங்களைக் கெடுக்குது. அறையை மாத்துங்கோ, இல்லாட்டி வீட்டுக்கு வாங்கோ" என்று போனில் சொன்னீர். மாறவும் மாட்டேன், வரவும் மாட்டேன். குற்றம் மணத்தில் இல்லை, என் அவசரத்தில். கேள்வி முடியுமுன்பே கையை உயர்த்தும் பிள்ளை வகுப்பில் இருக்குமே, என் வயிறும் அப்படித்தான். அந்தப் பிள்ளையை நான் ஒருநாளும் வெளியே அனுப்பியதில்லை. முன்வாங்கில் இருத்திப் பொறுக்கப் பழக்கினேன்.

இப்போது யன்னலை நன்றாகத் திறந்துவைத்து, அந்த மணத்துக்குள் இருந்தே பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிறேன். முதலில் வாயூறும். திருத்தி முடியும்போது மணமே பாதி வயிற்றை நிரப்பிவிடும். பிறகு அரைப் பிளேட் போதும். நேற்று அஷ்ரப், "என்ன சேர், நம்மட கொத்தோட கோவமா?" என்று கேட்டான்.

நீர் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல் அனுப்பும். சமைக்க அல்ல, இங்கே அடுப்பில்லை. சும்மா திறந்துவைக்கத்தான். அந்த மணம் வந்தால் பருத்தித்துறை பஸ்ஸில் ஓடி ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன் போலிருக்கிறது. அதையும் மார்கழி விடுமுறைவரை பொறுக்கப் பழக வேண்டும்.

வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உமது,
கனகேந்திரன்