அப்பா குஷியாக இருக்கிறார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, இந்த முறையும் அதையே எழுதப் பார்த்தது. அப்பா நலமில்லை.

போன கடிதத்தில் அவர் திருந்திவிட்டார் என்று எழுதியிருந்தேன். அப்படித்தான் நம்பினோம். சின்ன வயதில் நாம் சத்தமாகச் சிரித்தால், "என்ன குஷி வேண்டிக் கிடக்கு?" என்று லேத் பட்டறையிலிருந்து வந்த கையோடு அறைவாரே, அந்த மனிதர் இப்போது எழுந்ததும் பாட்டுப் பாடுகிறார். கேட்டால் "குஷியா இருக்கேன்" என்கிறார். அம்மா துணி காயப்போடும்போது பின்னால் போய், ஈரத் துண்டை அவள் தலையில் முண்டாசாகக் கட்டிவிடுகிறார். இதற்கு முன் அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

வேறு வீடாக இருந்தால் மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நாங்களோ சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று கும்பிட்டோம். சட்டையில்லாமல் கடைத்தெருவுக்குப் போனபோதும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். போன வாரம் ஓடுகிற லாரிக்கு முன்னால் நின்று கையாட்டியிருக்கிறார். டிரைவர் திட்டிக்கொண்டே வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதன் பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். மூளையின் முன்பக்கம் கட்டி. "இந்த சந்தோஷமே வியாதியோட அறிகுறிதாம்மா" என்றார் டாக்டர். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதற்கும் சிரித்தார்.

கட்டியை எடுத்தால் பிழைக்கலாம். பழைய குணம் திரும்பினாலும் திரும்பலாமாம். எடுக்காவிட்டால் பார்வை போகும், பிறகு நினைவு, பிறகு உயிர். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபரேஷன் பண்ணா யாருடி பிழைச்சு வருவாரு? இவரா, அவரா?" என்று கேட்டாள். இந்தச் சில மாதம்தான் புருஷனோடு வாழ்ந்தாளாம்.

எனக்கு அவளைப் போல மனம் இளகவில்லை. நேற்று சாப்பிடும்போது, உன்னை பெல்ட்டால் அடித்து வெளியே தள்ளிய கதையைச் சொன்னார். நீ கெஞ்சியதை உன் குரலிலேயே நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். குஷிப் பேர்வழி என்று தெருவே அவரைக் கொண்டாடுகிறது. அடித்தது உறைக்காத சிரிப்புக்குப் பேர்தான் குஷி என்றால், அது எனக்கு வேண்டாம். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்பாள். எங்களைவிட அதிகம் அடி வாங்கியவன் நீ. வேண்டாம் என்று சொன்னாலும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டேன். செய்யச் சொன்னால், மறுபடி அவரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கப் போவது நானும் அம்மாவும்தான். அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

ஆனால் போனில் சொல்லாதே. வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல். உன்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொள்வார். வியாதிதான் கட்டிக்கொள்கிறது என்று தெரிந்தாலும், அந்தக் கையைத் தட்டிவிடாதே, தம்பி.

உன் அக்கா