படகை பஸ்ஸாக்கிய அப்பா

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுறது. நீ, மாப்பிள்ளை, வாண்டுப்பயல் எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். நாங்களும் நல்லா இருக்கோம். கடிதம்னா எழுதணுமேன்னு எழுதுற நல்லா இருக்கோம் இல்லடி, நெசமாவே நல்லா இருக்கோம். ஏன்னு சொல்றேன் கேளு.

நீ டிக்கெட் போட்டுக் குடுத்த ஊருக்குப் போயிட்டு முந்தாநேத்துதான் வீடு வந்து சேர்ந்தோம். கால் ரெண்டும் கெஞ்சுது. தங்கின ரூம் பரவாயில்ல, ஆனா குளிக்கிற எடத்துல குழாயை எந்தப் பக்கம் திருப்பினா சுடுதண்ணி வரும்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அப்பா கிளம்பும்போதே முரண்டு. உனக்குத்தான் தெரியுமே, தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் மனுஷன் வாயே திறக்கல. புண் ஆறிடுச்சு, பேசினாத்தான் குரல் பழகும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். குரல் மாறிப்போச்சேன்னு இவருக்குக் கூச்சம், எல்லாத்துக்கும் கைஜாடைதான். நீ போன் பண்ணினா பால்கனிக்கு நழுவிடுவார். காலம் பூரா பஸ்ல கண்டக்டரா தொண்டை கிழியக் கத்தின மனுஷன் வாய்மூடி உட்கார்ந்திருந்தா வீடே வெறிச்சுன்னு இருந்துச்சு. இனிமே இப்படியே போயிடுமோன்னு எனக்குள்ள ஒரே பயம். சொன்னா நீ அங்க தூங்க மாட்டேன்னு உன்கிட்ட சொல்லல.

ஆத்துப் படகுல சுத்தலேன்னா அந்த ஊருக்குப் போனதே வீண்னு நீ சொன்னியே, ஏறினோம். ஜன்னலோரம் எனக்குத்தான்னு நான் பிடிவாதமா உட்கார்ந்துட்டேன். தொப்பி போட்ட ஒரு பொண்ணு மைக்கைப் பிடிச்சு இது அந்த ராஜா கட்டின அரண்மனை, இது தீப்பிடிச்சு மறுபடி கட்டின பாலம்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. எனக்கு ஆத்தோரத்து மாடியில காயுற துணிதான் கண்ணுல பட்டுச்சு, என்ன பண்றது. காத்து சிலுசிலுன்னு வீசுச்சு, அப்பா என் தோள்ல சாஞ்சு குறட்டை. ஊர் பார்க்க வந்து தூங்குற ஆளு இவர் ஒருத்தர்தான். நடுவுல குடிதண்ணி கேன் ஏத்த ஒரு துறையில படகைக் கரையோட ஒட்டி நிறுத்தினாங்க, லேசா ஒரு இடி இடிச்சது. அவ்வளவுதான், அப்பா பதறி எழுந்து, அரைத்தூக்கத்துல, எறங்குறவங்க எல்லாம் எறங்குங்க, சீக்கிரம், பின்னாடி வண்டி நிக்குதுன்னு போட்டாரே ஒரு சத்தம்! தகர டப்பாவைத் தரையில இழுத்த மாதிரி குரல். ஆனா அந்த அதட்டல் இருக்கே, அது அப்படியே பழைய அதட்டல். சொன்னா நம்ப மாட்டே, பாதிப் படகு பையைத் தூக்கிட்டு எறங்கிடுச்சு. புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு கைகோத்துக்கிட்டு தெருவுக்கே போயிடுச்சு. ஐயையோ இது எறங்குற எடம் இல்லன்னு தொப்பிக்காரப் பொண்ணு கத்துது, யாரும் காதுல வாங்கல. அப்பா முழுசா முழிச்சு, திருதிருன்னு நின்னார். வாய் திரும்ப மூடிக்கிறதுக்குள்ள, நீங்க எறக்கினவங்களை நீங்கதான் ஏத்தணும்னு முதுகுல ஒரு தள்ளு தள்ளினேன். துறையில போய் நின்னு ஏறுங்க ஏறுங்க, வழியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்குன்னு ஆரம்பிச்சவர்தான், அந்த ஜோடி ஓடிவந்து ஏறுற வரைக்கும் ஓயல. எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் மட்டும் கைக்குட்டையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதேன். சந்தோஷத்துலதான். தொப்பிக்காரப் பொண்ணு முதல்ல முறைச்சுச்சு, கடைசியில எறங்குற எடம் வந்ததும் ஐயா இப்ப சொல்லுங்க, இப்ப எறங்கலாம்னு மைக்கை நீட்டுச்சு. மைக் எதுக்கும்மான்னு கேட்டுட்டார்.

அதுலேர்ந்து வாய் ஓயல. ஃபேனை அணைக்கலன்னு இன்னிக்குக் காலையில என்னை ஒரு பிடி பிடிச்சார். திட்டு வாங்கிட்டு சிரிச்சுக்கிட்டே வேலையைப் பார்த்தேன்.

நீ வேலை வேலைன்னு சாப்பிடாம ஓடாதே. பயலுக்குக் காது மூடுற குல்லா போட்டு வெளிய கூட்டிட்டுப் போ. மூணு பேரும் நோய்நொடி இல்லாம மனசு நிறைஞ்சு இருக்கணும், அதுதான் எங்க ஆசீர்வாதம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை அப்பாவே உனக்கு போன் பண்றாராம், என்கிட்ட தர மாட்டாராம். குரல் உனக்கு அடையாளம் தெரியாது. எடுத்ததும் யாரு பேசுறதுன்னு மட்டும் கேட்டுடாதே, அப்பான்னு கூப்பிடு.

உன் அம்மா