சார் படித்துப் பார்த்த கடிதம்

மார்ச் 3, திங்கள்

லீவில் ஊருக்கு வந்த இடத்தில், வீட்டுக்காரரைக் கண் பரிசோதனைக்காக வேலூருக்கு அழைத்துப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். எதிரே டிவி. அதில் நாகையா சாரின் படம், பக்கத்தில் ஒரு கடிதம். மத்திய அமைச்சராக இருந்துகொண்டு, தன் துறைக்குச் சொந்தமான கடற்கரை நிலத்தை மருமகன் கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லி எழுதினாராம். ஏழு வருஷத்துக்கு முந்தைய கடிதம். பெரிதாக்கிக் காட்டினார்கள். இடது பக்கம் கீழ் மூலையில் ஏ.வி. என்று இரண்டு எழுத்து.

அம்சவேணி. நான்தான். நான் தட்டச்சு செய்த எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும்.

"இன்னாமே, யாரப் பத்தி சொல்லிக்கினு கீறான்?" என்று இவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். யாரோ என்றேன்.

மார்ச் 4

இந்தக் கடிதத்தால் அமளி, நாடாளுமன்றம் இன்றும் நடக்கவில்லை. பிரதமர் வாய் திறக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

தொண்ணூற்றாறில் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. சித்தூர் பஜார் தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே அவருடைய தொழிற்சங்க ஆபீஸ், ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். நாற்காலி எனக்கு, ஸ்டூல் அவருக்கு. அடிக்கிறவளுக்குத்தான் முதுகு வலிக்கும் என்பார். மாம்பழக்கூழ் ஆலையில் வேலை போன பெண்கள் படிக்கட்டு நெடுக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனி மனு. எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிவிடலாமே என்று ஒரு நாள் கேட்டேன். கஷ்டம் ஒரே மாதிரியா இருக்கு என்று திருப்பிக் கேட்டார்.

முதல் தேர்தலில் எங்கள் ஊரான நகரிக்கு வந்தார். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். கொஞ்ச நேரம் தறியை நிறுத்தச் சொல்லலாம் என்றார்கள் கூட வந்தவர்கள். சார் விடவில்லை. தறி தறியாகப் போய், ஒவ்வொருவர் காதிலும் வாயை வைத்து ஓட்டுக் கேட்டார். என் நைனா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தில்லி. அமைச்சராகப் பதவி ஏற்ற அன்று வாசல் கொள்ளாத மாலைகள். சார் நேராக என் மேசைக்கு வந்து, முதல் கடிதம் நகரிக்குப் போகட்டும் என்றார். குளிரில் என் விரல் மடங்கவில்லை. ஹீட்டரை இழுத்து என் பக்கம் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார்.

எதையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்தக் கடிதத்தை? அதையும்தான். 'பரிசீலிக்கலாம்' என்று அடித்திருந்தேன். அதை வெட்டிவிட்டு 'வழங்கவும்' என்று தன் கையாலேயே திருத்தினார். மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஏன் நான் ஒன்றும் கேட்கவில்லை?

மார்ச் 9, ஞாயிறு

சாரின் மனைவி பிரேமலதா அம்மா வந்தார். காணிப்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் பிரசாதம் கொடுத்தார். இவரை வெளியே போகச் சொன்னார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நீ தப்பு பண்ணேன்னு சொல்ல வாணாம் அம்சா. மத்த காயிதத்தோட கலந்து போயிட்ச்சு, சார் பாக்காம போட்டுட்டாருன்னு மட்டும் சொல்லு."

"சார் பாக்காம எதுலயும் போட்டதே இல்லீங்கம்மா."

எழுந்து போய்விட்டார். காபி அப்படியே இருந்தது.

தில்லியில எனக்கு டைபாய்டு வந்தப்ப இருபது நாள் கஞ்சி காய்ச்சிக் குடுத்த கை அது. அந்தக் கையால துன்னவதானே நான். ஒரே ஒரு பொய். சொன்னா இன்னா ஆயிடும்? — எனக்கே தெரியல.

மார்ச் 11, செவ்வாய்

சார் திருப்பதிக்கு வந்திருப்பதாகவும் என்னை அழைப்பதாகவும் போன். சித்தூர் வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் இருப்பதால் நண்பர் வீட்டில் தங்கியிருந்தார். பாகாலா வழியாகப் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லப் போகிறார் என்றே யோசனை.

இளைத்திருந்தார். ராஜிநாமாக் கடிதம் அடிக்க வேண்டும் என்றார். சொல்லச் சொல்ல அடித்தேன். மூன்றாவது வரி, 'என் கவனத்துக்கு வராமலேயே அனுப்பப்பட்ட கடிதம்.'

என் கை நின்றுவிட்டது.

"இன்னாம்மா?"

"சார், அதுல நீங்க ஒரு வார்த்தை திருத்துனீங்க. நான்தான் மறுபடியும் அடிச்சேன்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்தபடி நின்றார். நிலம் கேட்டுக் கல்பனா அழுதாள் என்றார். கல்பனா அவர் மகள், ஒரே பெண். அவள் கேட்டு அதுவரை எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை என்றார்.

"அந்த வரிய எடுத்துடும்மா."

எடுத்தேன். பிரதமருக்கு ஒன்று, எம்.பி. பதவியையும் விடுவதாகச் சபாநாயகருக்கு ஒன்று. இரண்டும் நாலு நாலு வரி. இருபத்தொன்பது வருஷத்தில் அவருக்கு நான் அடித்ததில் இவ்வளவு சின்னக் கடிதம் வேறு இல்லை.

மார்ச் 12

ராஜிநாமா ஏற்கப்பட்டது. வடக்கத்திக்காரர் ஒருவர் சாயங்காலமே அந்தத் துறைக்கு அமைச்சராகிவிட்டார். தில்லியில் என் மேசையில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ.

ஜூன் 12, வியாழன்

விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். திருத்திய வார்த்தை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டு, சார் போன வாரமே இதையெல்லாம் சொல்லிவிட்டார் என்று தெலுங்கில் சொன்னார். 'நான் சொன்னதைத்தான் அம்சவேணி அடித்தார், வேறெதுவும் அவருக்குத் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்' என்றும் சார் சொன்னாராம்.

அவர்கள் போன பிறகு சமையலறையில் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இடைத்தேர்தல். கட்சி, திருப்பதியில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவரை நிறுத்தியிருக்கிறது. சாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

பள்ளிக்கூடத்தில் நீள வரிசை. சாரும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வழக்கு நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறார். முன்னால் போகச் சொல்லி இரண்டு பேர் விலகினார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கடைசியில் போய் நின்றார். அம்மா என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார். சார் தலையசைத்தார். நானும்.

உள்ளே போனேன். விரலில் மை வைத்தார்கள். மெஷினில் ஒன்பது பேர். எல்லாப் பெயரையும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன். இந்த முறைதான், யாருக்குப் போடுவது என்று எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது.