போனில் நீ கேட்டதற்குப் பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன், சித்தியும் நலம், அவள் வாயும் நலம். நீ நலமா என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் கடிதத்தில் வழக்கம், ஆனால் இந்தத் தடவை நான் சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் நான் எப்படி என்று உனக்கே தெரியும். போன மாதம் நடந்த கூத்துக்குப் பிறகு நீயும் கூப்பிடுவதில்லை, நான் கூப்பிட்டால் கிளாஸ்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன் என்று ஒரு மெசேஜ் வருகிறது, அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள், லிஃப்ட் மெக்கானிக்கின் கை ஸ்பானர் பிடிக்கத்தான் பழகியிருக்கிறது.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சித்தி வாரத்தில் பாதி நாள் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள், மீதி நாள் நானே சமைக்கிறேன், சமைக்கிறேன் என்பது சும்மா பேச்சுக்குத்தான், பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகி, தேய்த்துத் தேய்த்து என் கைதான் தேய்ந்தது. அம்மாவின் அலமாரியை ஒதுக்கிவிடலாம் மாமா என்று சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பாப்பா வந்து பார்த்துக்கொள்வாள் என்று உன் தலையில் கட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, எனக்கு அந்தக் கதவைத் திறக்கத் தைரியம் இல்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். என்னோடு வேலை செய்கிறவனை ரேடியோ என்று கூப்பிடுவோம், வாயை மூடவே மாட்டான், அதனால் வந்த பேர். அம்மா போனதிலிருந்து அவன் என் முன்னால் வாயே திறப்பதில்லை, மரியாதையாம். லிஃப்டுக் கூண்டின் மேல் நின்றுகொண்டு இரண்டு பேரும் கம்பிக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தோம், ஒரு சத்தமும் இல்லை. டேய், ஏதாவது பேசித் தொலையேன்டா என்று கத்திவிட்டேன். அவன் பயந்துபோய்த் தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தவன் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிறுத்தவில்லை. அன்றைக்குத்தான் கொஞ்சம் வயிறாரச் சாப்பிட்டேன்.

அம்மாவின் போனை நான் அணைத்துப் போடவில்லை, சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. கண்ணாடிக் கடையிலிருந்து அதற்கு அழைப்பு வந்தது, அவள் சொல்லி வைத்திருந்த புதுக் கண்ணாடி தயாராகிவிட்டதாம். போய் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் அதைத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, புது பவர் சார், முதல்ல கொஞ்சம் தலை சுத்தும், சரியாகலன்னா அம்மாவ ஒரு நடை கூட்டிட்டு வாங்க என்றார். நானும் சரி, கூட்டிட்டு வரேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதர் சிரித்த முகமாக நிற்கிறார், அவரிடம் எப்படிச் சொல்வது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார், அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

நீ அங்கே படிக்கப் போனதிலிருந்து நம் வீட்டில் போன் பேசும் முறை என்ன என்பது உனக்குத் தெரியாததில்லை. மணி அடித்தால் பக்கத்தில் இருக்கிற நான் எடுப்பேன், சாப்பிட்டியா, அங்க குளிரா என்று கேட்பேன், அதற்கு மேல் என்னிடம் சரக்கு தீர்ந்துவிடும், இரு, அம்மாகிட்ட கொடுக்கறேன் என்று கொடுத்துவிடுவேன். அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள், எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் படிக்காமல் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் சாப்பிடும்போது எல்லாவற்றையும் எனக்குத் திருப்பிச் சொல்லுவாள். உன் ஆராய்ச்சியை உன் பேராசிரியரைவிட அவள் நன்றாகச் சொல்லுவாள், கான்க்ரீட்ட கேக்கு மாதிரி அச்சுல ஊத்தி, பதமா ஊற வெச்சு, அப்புறம் மெஷின்ல குடுத்து நசுக்கிடறாளாங்க, எப்ப விரிசல் விடுதுன்னு பாக்கணுமாம் என்பாள். இதுக்கு ஒரு பட்டமா என்று நான் கேட்பேன். உங்க லிஃப்டு ஏறி இறங்கறதே அந்தக் கான்க்ரீட்டுக்கு நடுவுலதான், பேசாம சாப்பிடுங்க என்று ஒரே போடாகப் போடுவாள். உன்னோடு அந்த வீட்டில் தங்கியிருக்கும் சிநேகிதர்களுக்கெல்லாம் அவள்தான் பேர் வைத்தாள், உன் அறையில் இருக்கிறவள் சுருட்டை, நன்றாகச் சமைக்கிறவன் சமையல் மந்திரி, எந்த வகுப்புக்கும் நேரத்துக்குப் போகாதவன் தூங்குமூஞ்சி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்தச் சின்னச் சமையலறையில் இடித்துக்கொண்டு நின்று சமைத்துச் சேர்ந்து சாப்பிடுவது, பாத்திரம் கழுவும் முறை யாருடையது என்று அதற்கப்புறம் நடக்கிற சண்டை, தூங்குமூஞ்சி தன் புது நீலச் சட்டையோடு உன் துணியையும் மெஷினில் போட்டு எல்லாவற்றையும் நீலமாக்கினது, எல்லாம் எனக்கு அத்துபடி. உன் வாயால் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஆனாலும் ஏதோ விட்டுப்போனதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

போன மாதம் நீ போன் செய்தபோதும் நான்தான் எடுத்தேன், வேறு யார் எடுப்பது. சாப்பிட்டியா ஆயிற்று, குளிரும் ஆயிற்று. அப்புறம், அம்மா கடைசியா என்னைப் பத்தி என்னப்பா சொன்னா என்று நீ கேட்டாய். என் வாய் தன் பாட்டுக்கு, இரு பாப்பா, அம்மாகிட்ட கொடுக்கறேன் என்றது. சொன்னதோடு போகட்டும் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். அங்கே அடுப்பு மேடை காலியாக இருந்தது. திரும்பப் போனைக் காதில் வைத்தபோது நீ அழுவது கேட்டது, உடனே கட்டாகிவிட்டது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை பாப்பா, உன் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் சொல்லவில்லை. மூளை கலங்கிவிட்டதோ என்று சித்தி பயந்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள், அதெல்லாம் ஒன்றும் இல்லை. பல வருஷப் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. அதற்கப்புறம் நீயும் கூப்பிடவில்லை. அம்மாவும் போய், நீயும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் சொல்.

போன வாரம் சுருட்டை எனக்குப் போன் செய்தாள். அவசரம் என்றால் கூப்பிட என்று நீ கொடுத்து வைத்திருந்த எண்ணாம். நீ ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாயாம், வருகிறாயாம், வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாயாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை, மந்திரி உனக்கென்று தட்டில் போட்டு மூடி வைத்தால் மறுநாளும் அது மூடியபடியே இருக்கிறதாம். எல்லோருமாக ரயிலில் மலைக்குப் போவதாக முன்பே பேசி வைத்திருந்தீர்களே, அதிலிருந்தும் விலகிவிட்டாயாம். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள் என்று அந்தப் பெண் கெஞ்சினாள், சரிம்மா என்றேன், இதோ சொல்லிவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ரகசியம் காக்கிற இலாகா உன் அம்மாவுடையது, எனக்கு அதில் அனுபவம் போதாது.

அந்த இலாகா எவ்வளவு பெரிது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சுருட்டை பேச்சுவாக்கில், நீங்க சொன்னா கேப்பா அங்கிள், போன வருஷம் ஏரிக்குப் போனப்பகூட நீங்க சொன்னதுனாலதான வந்தா என்றாள். நான் என்னம்மா சொன்னேன் என்று கேட்டேன். கால் நல்லா இருக்கும்போதே நாலு ஊரப் பாத்துடணும்னு அப்பா சொன்னாராம், ரயில்ல எங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா என்றாள். பாப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. படிக்கப் போனவளுக்கு ஊர் சுத்தற வேலை எதுக்கு, பரீட்சை முடியட்டும் என்றுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கே போய் என் முட்டிவலியை வைத்து ஒரு வாசகம் தயார் செய்து, அதற்கு என் பேரைப் போட்டு உன்னிடம் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை, நான் சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இருந்தது. அப்புறம் வேலை செய்துகொண்டே யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை உன்னோடு பேசி முடித்ததும், முட்டி எப்படி இருக்குன்னு கேட்டா, தைலம் தேய்க்கறாரா இல்ல ஏமாத்தறாரான்னு கேட்டா என்று என்னிடம் வந்து சொல்லுவாள், நானும் மறுபேச்சு பேசாமல் எழுந்து போய்த் தேய்த்துக்கொள்வேன். அது நீ கேட்டதா, அவளாகச் சொன்னதா. எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டாம், நீ கேட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தடவை இடையில் யாரும் இல்லை, நானே சொல்கிறேன், மலைக்குப் போய்விட்டு வா. பரீட்சை முடிந்ததா முடியவில்லையா என்று நான் கேட்கவில்லை. கெட்டியான காலுறையாக இரண்டு ஜோடி எடுத்துக்கொள், ரயில் கதவருகே நின்று வேடிக்கை பார்க்காதே, தூங்குமூஞ்சியை நம்பி டிக்கெட்டைக் கொடுக்காதே. மந்திரி மூடி வைக்கிற தட்டைத் திறந்து சூடாக இருக்கும்போதே சாப்பிடு, அந்தப் பையனுக்கு நீ என்ன வேண்டும், அவன் எதற்கு உனக்காக மெனக்கெட வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். அழுகை வந்தால் அவர்கள் முன்னாலேயே அழு. அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாது, பரவாயில்லை, இந்த விஷயத்தில் யாருக்கும் தெரியாது. மாமியார் கதை பேசவாவது கூட ஒரு ஆள் இருந்தாலே போதும் என்பதை நான் ரேடியோவிடம் கற்றுக்கொண்டேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருந்துவிட்டேன். அம்மா போன அன்றைக்கு எனக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஏங்க, மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வந்துடுங்க என்றாள். முட்டிவலியோடு படி ஏற வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள், மற்றது உனக்குத் தெரியும். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை பாப்பா. உன் மனம் ஆறும்படி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று நானும் முயன்று பார்த்தேன், என் பொண்ணு தைரியசாலி, சமாளிச்சுக்குவா என்று சொன்னதாக ஒன்று எழுதினேன், உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாக ஒன்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எதுவும் அவள் பேசுவது போல இல்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். அவளாக இருந்தால் உனக்கு ஏற்றாற்போல அழகாகச் சொல்லியிருப்பாள், எனக்கு அந்த வித்தை வராது. அதோடு, உன்னிடம் நான் நேராகச் சொல்லுகிற முதல் விஷயம் பொய்யாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. போகப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் துணியைப் பற்றியா பேசியிருப்பாள். அன்றைக்கு மழையும் வரவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததைப் படித்து முடிக்க வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, சித்தியும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள். சிநேகிதர்கள் மூன்று பேருக்கும் என் அன்பைச் சொல், சுருட்டைக்கு என் மன்னிப்பையும் சேர்த்துச் சொல். மலையிலிருந்து திரும்பியதும் மறக்காமல் போன் செய். என்ன பார்த்தாய், என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய், எல்லாவற்றையும் விடாமல் சொல். எனக்குப் பதில் பேசத் தெரியாது, ம் ம் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன், நடுவில் சத்தமே வராமலும் போகலாம். வைத்துவிடாதே, நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

என்றும் உன்
அப்பா