இல்லம் என்றால் வீடு அல்ல

என் அன்புக்குரிய உங்களுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். மயிலாப்பூரில் நான் மூன்று அதிகாரிகளை அறையில் வைத்துப் பூட்டினேன் என்று மாதா கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். பூட்டவில்லை. தாழ்ப்பாள் போட்டேன், அதுவும் உள்பக்கம். நானும் உள்ளேதான் இருந்தேன்.

காரணம், பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். பெயரை எழுதமாட்டேன், சட்டமும் விடாது, நன்னடத்தை அலுவலராக இருந்த நீங்களும் விடமாட்டீர்கள். திருட்டு வழக்கு ஒன்றில், பிடிபடும் சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தாள். அங்கே நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளியே வந்து பள்ளிக்குப் போனவள், அழுதுகொண்டு நம் வீட்டுக்கு வந்தாள்.

"மிஸ், ரெஜிஸ்டர்ல என் பேரே இல்லன்றாங்க. பரீட்சை எப்டி எழுதறது?"

நடந்தது இதுதான். இப்போதைய நன்னடத்தை அலுவலர் பள்ளிக்குத் தொலைபேசியில், "பொண்ணு இல்லத்துல இருக்கா" என்றிருக்கிறார். வீட்டில் இருக்கிறாள், படிக்க மனமில்லை என்று பள்ளியில் எடுத்துக்கொண்டு பெயரை நீக்கிவிட்டார்கள்.

அவரையும் தலைமையாசிரியரையும் அவளைப் பிடித்த பெண் எஸ்.ஐ.யையும் நம் மாதா கோயில் பங்கு மன்றத்துக்கு அழைத்தேன்.

"இன்னா சார், பாதி வார்த்தைய முழுங்கிட்டா யாருக்குப் புரியும்?" என்றார் எஸ்.ஐ.

"முழுசா சொன்னா ஸ்டாஃப் ரூம் பூரா பரவிடும் மேடம். அப்புறம் அந்தப் பொண்ணு தலை நிமிர முடியுமா?"

அலுவலர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எஸ்.ஐ. எழுந்துவிட்டார். "எனக்கு ட்யூட்டி கீது, கெளம்பறேன்."

தாழ்ப்பாள் போட்டது அப்போதுதான். "முடிவு சொல்லிட்டுப் போங்க."

"கான்வென்ட் மிஸ் மாதிரி மிரட்றீங்களே!"

"மாதிரி இல்லம்மா, கான்வென்ட் மிஸ்ஸேதான்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பிறகுதான் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். இனி ஒரு பிள்ளையைப் பிடித்த அன்றே ஸ்டேஷனிலிருந்து நன்னடத்தை அலுவலருக்குச் செய்தி போகும். அவர் முழு விவரத்தையும் தலைமையாசிரியர் ஒருவரிடம் மட்டும் நேரில் சொல்வார். அது அவரோடு நிற்கும்.

உங்கள் காலத்தில் ஸ்கூட்டரில் நீங்களே எல்லா இடமும் போய்ச் சொல்லிவிட்டு வருவீர்கள். அந்த வேலையை யாரிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடினீர்கள்?

அவள் பெயரைப் பற்றி மட்டும் தலைமையாசிரியர், "பார்த்துக்கறேன் மேடம்" என்றார். இந்த ஒரு சொல்லை நம்பி நீங்கள் எவ்வளவு அலைந்திருப்பீர்கள்?

நான் அலையமாட்டேன். அவள் தேர்வு அறைக்குள் போகும்வரை விடவும் மாட்டேன். இந்த மூவரையும் மாதந்தோறும் ஒரே மேசையில் உட்காரவைப்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

இந்தக் கடிதத்தை நம் பங்கு இதழில் அச்சிடக் கொடுக்கிறேன். அதில் இதைப் படிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, மாணவியின் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா, இல்லையா? எழுத்தில் பதில் தாருங்கள்.

என்றும் உங்கள் மனைவி,
ஸ்டெல்லா