ஒட்டகத்தின் முகம்

ஈஸ்ட் ஹாம்
5 நவம்பர் 2024

அன்புள்ள கிளறிற்றா மச்சாளுக்கு,

ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகமும் எனக்கு நல்ல பொறுமையும் தருவாராக. போனில் என் நம்பரை மறித்துப்போட்டீர்கள், அதனால் தபால்.

வீட்டுச் சாவியை உங்களிடம் தந்துவிட்டுப் போய், முழங்கால் ஒப்பரேசன் முடிந்து வந்து பார்த்தால் வீடு பளபளவென்று இருக்கிறது, என் சாமான்களைக் காணோம். காற்சட்டை போட்ட முயல், மீன்வாய்த் தேத்தண்ணிக் கேத்தல், மீசை வைத்த பீங்கான் கோழி, எல்லாம் குப்பை லொறியில் போட்டீர்களாம். ஞாயிறு ஞாயிறாய், பழஞ்சாமான் விற்கிற கார் பூட் சந்தையில் பொறுக்கியவை. உங்கள் தம்பி செத்த பிறகு இந்த வீட்டில் என்னைச் சிரிக்கவைத்தது அவைதான். அவற்றைப் பார்த்துத்தான் நானும் கடதாசிக் கூழில் உருவங்கள் செய்யப் பழகினேன்.

"பிழை விட்டிட்டன்" என்று ஒரு வரி எழுதுங்கோ. போதும்.

முழங்கால் மடங்காத
டொலறஸ்

ரெய்னர்ஸ் லேன்
14 நவம்பர்

டொலறஸுக்கு,

குப்பையைக் குப்பையில் போட்டதற்கு மன்னிப்பா? திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மீசைக் கோழி! வாற சனம் என்னையெல்லே கேட்குது.

கை சும்மா இருப்பதால்தான் உமக்கு இந்தப் புத்தி. எங்கள் கோயில் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு இந்த முறை நான்தான் பொறுப்பு. ஒட்டகம் உடைந்துபோச்சு. புதிதாக ஒன்று செய்து தாரும். பிரயோசனமாவது இருக்கும்.

கிளறிற்றா

ஈஸ்ட் ஹாம்
27 டிசம்பர்

அன்புள்ள மச்சாள்,

ஒட்டகம் பிடித்ததா? நீட்டுக் கழுத்து, மேலே ஏறின ஒற்றைப் புருவம், "உமக்கென்ன தெரியும்" என்று கேட்கிற உதடு. மூக்குக்கண்ணாடி போடவில்லை, இரக்கம்தான். பூசை தொடங்கும்வரை துணியால் மூடி வைத்ததும் அதே இரக்கத்தில்தான்.

நான் பேர் எழுதவில்லை. உங்கள் மனுசன் கிறிஸ்துராஜா அண்ணைதான் நிறைந்த கோயிலில் "கிளறிற்றா, இது நீரெல்லே!" என்றார். தீர்த்தம் தெளிக்கையில் ஃபாதருக்குத் தோள் குலுங்கினதைப் பார்த்தீர்களோ?

பிரயோசனமான
டொலறஸ்

ரெய்னர்ஸ் லேன்
2 ஜனவரி 2025

டொலறஸ்,

சனம் ஒட்டகத்தோடு நின்று படம் எடுக்குது. பிழை விட்டிட்டன். எழுதியாச்சு. இப்ப அதை எடுத்து எறியும்.

கிளறிற்றா

ஈஸ்ட் ஹாம்
6 ஜனவரி

அன்புள்ள மச்சாள்,

உங்கள் வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். என் புதுச் சேகரிப்பில் அதுதான் முதல் சாமான். நீங்கள் மன்னிப்புக் கேட்டது! எந்தச் சந்தையில் தேடினாலும் இப்படியொரு அதிசயம் கிடைக்காது.

ஒட்டகத்தை மட்டும் எறிய ஏலாது. ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துப்போட்டார். மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடலாமோ, மச்சாள்? இனி வருசா வருசம் பாலனுக்குப் பக்கத்தில்தான்.

குடிலில் கழுதையும் பழசாகிப்போச்சாம், ஃபாதர் கேட்கிறார். உங்களைப் பக்கவாட்டில் பிடித்த படம் ஒன்று அனுப்பிவிடுங்கோ.

டொலறஸ்