கதவு எண் 14, 14-அ இரண்டும் ஒரே வீடு எனச் சான்று வேண்டி

அனுப்புநர்
மு. வரதன்,
த/பெ. முனுசாமி (காலமானவர்),
கதவு எண் 14, ஏரிக்கரைத் தெரு,
நாவலேரி கிராமம், மாமல்லபுரம் வழி,
திருக்கழுக்குன்றம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
திருக்கழுக்குன்றம்.

பொருள்: ஒரு பிராட்பேண்ட் இணைப்பை வீட்டிலுள்ள நான்கு கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்துகொண்டதை மூன்று ஷிப்ட் ஓடும் கம்பெனி எனத் தவறாகப் பதிந்து இணைப்பைத் துண்டித்தது – எனது வீடும் என் தம்பியின் வீடும் ஒரே வீடு எனச் சான்று வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக வேலை செய்து வருகிறேன். இன்டர்நெட் வரவில்லை என்ற புகாரை வருவாய்த் துறைக்குக் கொண்டுவருவது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே, "இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல" என்று மனுவின் மேல் மூலையில் எழுதுவதற்கு முன், தங்கள் அலுவலகத்தார் தயவுகூர்ந்து ஏழாவது பத்தி வரையிலாவது படிக்க வேண்டுகிறேன். அங்கேதான் தங்கள் துறை வருகிறது.

2. என் தகப்பனார் கட்டிய வீட்டில் நானும் என் மனைவி சந்திரம்மாவும் எங்கள் மகன் வசந்தும் ஒரு பாதியில் இருக்கிறோம். மறுபாதியில் என் தம்பி கிருபாகரன், அவர் மனைவி ஜாய்ஸ், மகள் ஷாரோன், ஷாரோனின் கைக்குழந்தை ஜெரோம் ஆகியோர் இருக்கிறார்கள். ஷாரோனின் கணவர் குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் வேலை செய்கிறார். நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் உள்ளது. என் தம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகள் கட்டும் கொத்தனார் என்பதால் சுவரை அவரே கட்டினார். வேலையில் குறை சொல்ல முடியாது. சுவர் எழும்பியதும் அந்தப் பாதிக்கு 14-அ என்று கதவு எண் கிடைத்தது.

3. சுவருக்குக் காரணம் ஷாரோனின் கல்யாணப் பத்திரிகை. அதில் பெண்ணின் பெரியப்பா என்று என் பெயர் இல்லை. கேட்டதற்கு, கடைசி வரியில் "சுற்றமும் நட்பும்" என்று போட்டிருக்கிறதே, அதில் நானும் அடக்கம் என்று சொல்லப்பட்டது. முகூர்த்தத்துக்கு நான் சென்றேன். சுற்றத்தோடு சென்றேனா, நட்போடு சென்றேனா என்று எனக்கே விளங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். அன்று முதல் எனக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த விஷயத்தில் தங்களிடம் நான் நியாயம் கேட்கவில்லை. சுவர் ஏன் வந்தது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

4. சென்ற வருடம் எங்கள் தெருவுக்கு நீல்கரை பிராட்பேண்ட் என்னும் தனியார் நிறுவனத்தின் கம்பி வந்தது. என் பெயரில் ஓர் இணைப்பு வாங்கினேன். கம்பி இழுக்க வந்த சம்பத் என்பவர், ஒரு ரவுட்டர் இருந்தால் வீட்டில் உள்ள எத்தனை கம்ப்யூட்டருக்கும் போதும் என்று சொன்னார். வசந்துக்குக் கல்லூரிப் பாடம், சந்திரம்மாவுக்குத் தையல் வீடியோ, சுவருக்கு அந்தப்புறம் ஷாரோனுக்கு அலுவலக வேலை, ஜாய்ஸுக்கு வேலூரில் இருக்கும் அக்காளுடன் சேர்ந்து ஜெபம் என நான்கு கம்ப்யூட்டர்கள். ஆனால் என் தம்பி கட்டிய சுவரைத் தாண்டி சிக்னல் போகவில்லை. ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது சுவரில் ஒரு செங்கல் இல்லை. அந்தப் பொந்தில் ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஒயர் இந்தப் பக்கம், இரண்டு ஒயர் அந்தப் பக்கம். இது வசந்தும் ஷாரோனும் செய்த வேலை என்று நினைக்கிறேன். நானும் என் தம்பியும் அதைக் கவனிக்காதது போல் இருந்துவிட்டபடியால் இரு தரப்பிலும் ஆட்சேபனை எழவில்லை.

5. நான்கு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் ஷாரோனின் வேலை நடுவில் நின்றுவிடும். அவள் சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக, வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்கும் சந்தேகங்களுக்கு உடனுக்குடன் பதில் எழுதுபவள். எனவே தொழிற்சாலையில் எனக்குப் பழகிய முறைப்படி ஷிப்ட் போட்டுக் கொடுத்தேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வசந்துக்கு. செகண்ட் ஷிப்ட் ஷாரோனுக்கு மட்டும். பெரிய பைல் இறக்குவதெல்லாம் தேர்ட் ஷிப்டில். பேச்சுவார்த்தை இல்லாததால் இதை நேரடியாகத் தெரிவிக்க வழியில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு என் மனைவியிடம், "சந்திரா, செகண்ட் ஷிப்ட்ல யாரும் படம் கிடம் போடக் கூடாது, லைன் நின்னுடும்" என்று சத்தமாகச் சொல்வேன். அந்தப்புறம் என் தம்பி, "ஜாய்ஸு, காதுல வுழுந்துச்சா?" என்று அவர் மனைவியிடம் கேட்பார். இவ்விதமாக நிர்வாகம் ஒழுங்காக நடந்து வந்தது.

6. சென்ற மாதம் மேற்படி நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் நான் இல்லாத நேரத்தில் வந்து விசாரித்திருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லோரும் கம்பெனிப் பேச்சிலேயே வளர்ந்தவர்கள். எவ்வளவு நேரம் இணைப்பு பயன்படுகிறது என்று கேட்டதற்கு என் மனைவி, "மூணு ஷிப்டும் ஓடிகினு கீது சார். செகண்ட் ஷிப்ட்ல மட்டும் ஒரே லைனு, ஷாரோனோட லைனு" என்று கூறியிருக்கிறாள். யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, "வூட்டுக்காரருதான் சூப்பர்வைசரு" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். ஷாரோன் லீவில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் சும்மா கேட்க, "அவளுக்குப் பதில் வசந்து ஓவர்டைம் பாப்பான்" என்றும் சொல்லியிருக்கிறாள். ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டி, பக்கத்து வீட்டார் உங்களுக்கு உறவா என்று ஜாய்ஸிடம் கேட்டிருக்கிறார். அன்று காலையில்தான் குழாயடியில் ஜாய்ஸுக்கும் என் மனைவிக்கும் வாய்த்தகராறு. "அவங்க வேற, நாங்க வேற சார்" என்று ஜாய்ஸ் பதில் சொல்லியிருக்கிறார். குடும்பத்துக்குள் கோபத்தில் சொல்லும் இந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வாளருக்கு விளக்க அங்கே ஆள் இல்லை.

7. இதன்பேரில், மு. வரதன் என்பவர் மேற்பார்வையில் மூன்று ஷிப்ட் முறையில் தொழில் நடப்பதாகவும், சம்பந்தமில்லாத பக்கத்து வீட்டுக்கு இணைப்பு சட்டவிரோதமாகக் கொடுக்கப்பட்டதாகவும் பதிவு செய்து, கம்பியைத் துண்டித்து ரவுட்டரையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். நான் விடுப்புப் போட்டுவிட்டு அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் சென்றேன். ஷிப்ட் விவகாரத்தை விளக்கியதும் அங்கிருந்த மேலாளர் சிரித்துவிட்டார். தொழில் நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரே வீட்டுக்குள், ஒரே குடும்பத்தார் எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் விதி. அதன்படி எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, கதவு எண் 14-அ-வில் வசிப்பவர்களுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை, சுவரில் உள்ள பொந்தை அடைத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் எனக்கு மட்டும் அன்றே இணைப்பு. மற்றொன்று, இரண்டும் ஒரே வீடு என்று வட்டாட்சியர் அவர்களிடம் சான்று. முதல் வழிக்கான தாளை அவரே எடுத்து நீட்டினார், பேனாவும் கொடுத்தார். அதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

8. எங்கள் தெருவில் வேறு நிறுவனத்தின் கம்பி கிடையாது. இந்தப் புகார் தீரும்வரை என் தம்பி பெயரிலும் இணைப்பு தர மாட்டார்களாம். கைபேசி வழியாக வேலை செய்ய ஷாரோனின் அலுவலகம் அனுமதிப்பதில்லை. ரவுட்டர் போனபின் பொந்து திறந்தே கிடப்பதால், அதன் வழியாக அவள் என்னிடம், "மாசக் கடைசி வரைக்கும்தான் டைம் குடுத்துகீறாங்க பெரிப்பா. அதுக்கு மேல மெட்ராஸ் ஆபீசுக்கே வந்துடணுமாம்" என்று சொன்னாள். குழந்தை ஜெரோமுக்குப் பிறவியிலேயே இரண்டு பாதமும் உள்நோக்கி வளைந்திருக்கின்றன. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் வாரா வாரம் பழைய மாவுக்கட்டைப் பிரித்துப் புதிதாகப் போடுகிறார்கள். நடுவில் விட்டால் கால் மறுபடியும் திரும்பிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் தினமும் சென்னைக்குப் போய்வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை; ஜாய்ஸுக்குப் பஸ் ஏறினாலே தலைசுற்றும். வேலையை விட்டால் அவர்கள் குடும்பம் ஓடாது. குழந்தையை நான் இதுவரை தூக்கியதில்லை. தூக்கக் கூடாது என்பதல்ல, யாரும் கொடுக்கவில்லை. பொந்துக்கு நேரெதிரே ஏணையில் படுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட இரண்டு காலையும் சேர்த்து உதைக்கிறான். வேலைக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

9. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டேன். அவர் மீது எனக்குக் குறை இல்லை. "ரெண்டு கதவு எண்ணு, ரெண்டு ரேஷன் கார்டு, நடுவுல செவுரு. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துகூட பேசிக்கறதில்ல. நான் இன்னான்னு எழுதறது அண்ணாத்த?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே தங்களுக்கும் சமர்ப்பிக்கிறேன். ரேஷன் கார்டு பிரிந்தது பொங்கல் தொகுப்புக்காக. எங்கள் தெருவில் பிரியாத கார்டு கிடையாது. வீட்டு மனை இன்றும் என் தகப்பனார் வழியில் எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகவே தங்கள் அலுவலகப் பதிவில் உள்ளது. கழிவுநீர்த் தொட்டி ஒன்றுதான். அதைப் பாகம் பிரிக்க யாரும் முன்வரவில்லை. சென்ற மழைக்கு என் பக்கம் தளம் ஒழுகியது. நான் வேலைக்குப் போயிருந்த சமயத்தில் யாரோ மேலே ஏறி வெடிப்பை அடைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. பூச்சைப் பார்த்தாலே தெரிந்தது.

10. பேசிக்கொள்வதில்லை என்பது உறவில்லை என்பதற்கு ஆதாரமாகாது என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தெருவில் எனக்குப் பிடிக்காதவர்கள் பலர் உண்டு. எதிர் வீட்டு ஆபிரகாம் என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்த் தொலைத்தவர். அவரிடமும் தினமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். வேற்று மனிதரிடம் வருடக்கணக்காக ஒருவர் வாய் திறக்காமல் இருக்க முடியாது. அதற்குக் கூடப்பிறந்திருக்க வேண்டும். மேலும், பத்திரிகையில் என் பெயர் ஏன் இல்லை என்று உறவினர்கள் கேட்டபோது என் தம்பி, "அண்ணன் நம்ம வூட்டு ஆளு. வூட்டு ஆளுக்கு இன்னாத்துக்கு பேரு போடணும்?" என்று கல்யாண மண்டபத்தில் பலர் முன்னிலையில் கூறியிருக்கிறார். மரியாதை என்ற முறையில் அந்தப் பதிலை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் நாங்கள் ஒரே வீட்டார் என்பதற்கு அவர் வாயாலேயே வந்த சாட்சியம் என்ற முறையில் தங்கள் முன் வைக்கிறேன்.

11. எனவே ஐயா அவர்கள், கதவு எண் 14, 14-அ இரண்டும் ஒரே வீடு, அதில் வசிப்பவர்கள் ஒரே குடும்பத்தார் என்று இந்த மாத இறுதிக்குள் சான்று வழங்கி, குழந்தையின் சிகிச்சை தடைபடாமல் காக்க வேண்டுகிறேன். சுவரை இடித்தால்தான் சான்று தர முடியும் என்றால் அதற்கும் என் பக்கத்தில் சம்மதம். ஆனால் கட்டியவரைக் கேட்காமல் நான் கை வைக்க மாட்டேன்.

12. இந்த மனுவில் என் தம்பியின் கையெழுத்து இல்லை. கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் அவரிடம் பேச வேண்டும். ஆகவே, விசாரணைக்கு எங்கள் இருவரையும் தங்கள் அலுவலகத்துக்கு ஒரே நாளில் அழைத்து, ஒரே இடத்தில் நிற்க வைத்து, "இவர் உனக்கு என்ன வேண்டும்?" என்று எங்களில் ஒவ்வொருவரையும் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன். முதலில் என்னைக் கேட்கலாம். "என் தம்பி" என்று அவர் காதுபடச் சொல்வேன். அடுத்து அவரைக் கேளுங்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. என்ன சொன்னாலும் அதை அப்படியே பதிவு செய்து, நகல் ஒன்றை எனக்கும் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,

(மு. வரதன்)

இடம்: நாவலேரி
நாள்: 10.02.2025